முட்டையோட்டு வெள்ளை

மே பதினேழாம் தேதியோடு எல்லோரும் போய்விட்டார்கள்,
கார்க் கூரையில் மெத்தையைக் கட்டி,
மீன்தொட்டியை மடியில் வைத்து,
அழுதுகொண்டும் பீட்சா தின்றுகொண்டும்.
மறுநாள் வாத்துகள் வந்து
புல்வெளியை எடுத்துக்கொண்டன.
கனடாக்காரர்கள். கட்டணம் கட்டாதவர்கள்.

மணிக்குப் பதினைந்து டாலர் எனக்கு,
விடுதி அறைகளுக்கு வெள்ளையடிக்கிற வேலை.
வெள்ளை என்றால் வெள்ளையில்லை,
முட்டையோட்டு வெள்ளை என்று
டப்பாவில் போட்டிருக்கிறது.
எந்தக் கோழியோ.

உருளை கோங்மெங்குக்கு, மூலைகள் எனக்கு.
மூலைக்குப் பொறுமை வேண்டும்,
அவனுக்கு அது ஞாயிற்றுக்கிழமை வரை தாங்காது:
அன்றுதான் செயின்ட் பாலிலிருந்து அவன் அக்கா
இரண்டரை மணிநேரம் ஓட்டி வந்து
ஒட்டரிசியும் இடித்த மிளகாயும் இறக்கிவிட்டுப் போவாள்.
திங்கள் அதைச் சாப்பிடுகிறோம், செவ்வாயும் அதையே.
புதனிலிருந்து ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய்,
யார் கத்தியைக் கழுவுவது என்கிற பேச்சுவார்த்தை.

டுலூத்தில் கோடை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வரும்.
மலைக்கு அந்தப்புறம் எண்பது டிகிரி,
ஏரிப்புறம் ஐம்பது,
நடுவில் எங்கள் விடுதி,
எந்தப்புறம் சாய்வதென்று தெரியாமல்.
சில காலைகளில் மூட்டம் ஏறிவந்து
வண்டி நிறுத்துமிடத்தைத் தின்றுவிடும்.
வாத்துகளின் சத்தம் மட்டும் மீதி.

308இல் தீப்பெட்டிக்குள் ஒரு கடைவாய்ப் பல் கிடந்தது.
சாவிக்கொத்து ஆர்லினிடம் கொண்டுபோனோம்.
மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
தொலைந்த பொருள் பதிவேட்டில் எழுதினாள்:
பல், ஒன்று.
இதுவரை யாரும் கேட்டு வரவில்லை.

நூலகம் ஐந்துக்கே மூடிவிடும்.
பிறகு சலவை அறை.
அங்கே உலர்த்தி ஒன்று
காசு போடாமலே சுற்றும், ரகசியம்.
துணியில்லாவிட்டாலும் போய்
அதன் முதுகில் முதுகு வைத்து உட்கார்வேன்.

புதன்கிழமைகளில் கல்லூரியைப் பார்க்கக் குடும்பங்கள் வரும்.
வழிகாட்டிப் பெண் பின்புறமாக நடந்துகொண்டே
'அதோ, நம் மாணவி ஒருவர்!' என்று
என்னைக் காட்டினாள்,
மரங்கொத்தியைக் காட்டுவது போல.
என் புருவத்தில் பெயின்ட்.
ஒரு தகப்பன் கேட்டார்:
கோடைக்கு வீட்டுக்குப் போகவில்லையா?

ஆர்லின் கேட்டபோது பணம் என்றிருந்தேன்.
கோங்மெங்கிடம் வேதியியல், மறுபடி எழுதணும் என்று.
இந்த மனிதரிடம்
'ஏரி பிடித்துப்போச்சு' என்றேன்.
அவர் தலையசைத்து
மகனின் தோளைத் தட்டினார்,
கேட்டாயா என்பதுபோல.

பெமிட்ஜியில் என் அறைக்கு
இரண்டடுக்குக் கட்டில் வந்துவிட்டது.
கேரினுக்கு இரண்டு பையன்கள், ஆறு, எட்டு.
நல்ல பையன்கள்தான்.
சின்னவன் என்னை 'சிக்னே மேடம்' என்பான்.
நேற்று அப்பா படம் அனுப்பினார்:
சுவரெல்லாம் பச்சை.
கீழே, நானே அடித்தது.

உலர்த்தியின் சூட்டில் உட்கார்ந்து
படத்தைப் பெரிதாக்கினேன், மேலும் பெரிதாக்கினேன்.
ஜன்னல் சட்டத்தில் பிசிறு.
கூரையோரம் தீற்றல்.
ஒரே கோட்.
கதவுக்குப் பின்னால், அவர் தூரிகை எட்டாத இடத்தில்,
ஒரு கையகலம் என் பழைய மஞ்சள்.

என்னென்னவோ எழுதி அழித்தேன்.
கடைசியில் போனது இது:
டேப் ஒட்டி அடிக்கணும், அப்பா.
ஈரம் காயறதுக்குள்ள பிய்க்கணும்.

பதிலுக்கு ஒரு கட்டைவிரல்.
நள்ளிரவு தாண்டி இன்னொன்று:
எந்த டேப்?

நீலம் என்று அனுப்பினேன். அகலம் ஒன்றரை இஞ்ச்.

இன்று 314.
ஈரச் சுவரில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டது,
ஆறு காலும் விரித்து,
எங்கள் மாநிலப் பறவை.
எடுக்கவா என்றான் கோங்மெங்,
நகத்தைத் தயாராக நீட்டி.

விடு என்றேன்.
செப்டம்பரில் வருகிறவர்
படுத்துக்கொண்டு பார்க்க
ஏதாவது இருக்கட்டும்.